விட்டமின் பேரைச் சொல்லி வேப் விற்காதே!

மஞ்சக்குட்டை தம்பி, தங்கைகளே!

கொய்யா, ஆரஞ்சு, பலான்னு பழத்துக்குப் பஞ்சமில்லாத மலை நம்ம ஏற்காடு. இங்க பிறந்த உங்ககிட்டயே ஒருத்தன் வேப்பை நீட்டி, "இதுல நிகோடின் இல்ல, விட்டமின்தான். பழத்துல இருக்கிற அதே ஆன்டி ஆக்சிடன்ட்"னு சொன்னா நம்பிடாதீங்க. அது பச்சைப் பொய்.

வண்டி ஓட பெட்ரோல் வேணும்தான். அதுக்காக ஏர் ஃபில்டர்ல ஊத்துவோமா? வயித்துக்குப் போனா சத்து. நுரையீரலுக்குப் போனா?

அமெரிக்கா பார்த்துடுச்சு. 2019-ல் வேப் இழுத்தவர்கள் திடீர்னு மூச்சுத்திணறி விழுந்தாங்க. 2020 பிப்ரவரி வரை பாதிக்கப்பட்டோர் 2,807 பேர். இறந்தோர் 68 பேர். 51 நோயாளிகளின் நுரையீரல் நீரைச் சோதித்ததில் 48 பேரிடம் சிக்கியது விட்டமின் ஈ அசிடேட்! முகத்துக்குப் பூசும் கிரீமில் இருக்கும் அதே பொருள். கஞ்சா எண்ணெய் வேப்பில் கள்ளத்தனமா கலந்து வித்திருக்காங்க.

"இழுத்துட்டு சத்து மாத்திரை போட்டா சரியாயிடும்"னு இன்னொரு கதை. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வு 1994-ல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையல, 18% கூடுச்சு! அது சிகரெட் பிடிச்சவங்களைப் பற்றிய ஆய்வுதான். ஆனா பாடம் ஒண்ணுதான்: புகைக்குப் பரிகாரம் மாத்திரையில இல்ல.

சட்டம் என்ன சொல்லுது? தமிழ்நாடு 2018-லேயே இ-சிகரெட்டைத் தடை செய்தது. 2019-ல் நாடு முழுக்கத் தடை. நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தடைதான். விற்றால் முதல் முறையே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். "விட்டமின் வேப்"னு பேரை மாத்தினா தப்பிக்க முடியாது.

ஆனா சட்டம் ஏட்டுல இருந்தா போதுமா? அதிகாரிகளே, அடிவாரம் சோதனைச்சாவடியில் பாருங்க. கடைகளில் பாருங்க. ஆன்லைன் பார்சலைப் பாருங்க. இழுக்கிற பையனை மிரட்டி விட்டுட்டுப் போகாதீங்க, விற்கிறவனைப் பிடிங்க! பையனுக்கு வேண்டியது ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆலோசனை, போலீஸ் அடி இல்ல.

பெற்றோர்களே, பென் டிரைவ் மாதிரி, பேனா மாதிரி புதுசா ஏதாவது பையில இருந்தா என்னன்னு கேளுங்க. திட்டாம கேளுங்க.

விட்டமின் வேணுமா? தோட்டத்துக் கொய்யாவைக் கடிங்க. நுரையீரலுக்கு வேணும்கிறது நம்ம மலைக்காத்து மட்டும்தான்!

படிச்சதோட நிறுத்தாதீங்க. ஊர் வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் பகிருங்க!

#வேப்பிங்_வேண்டாம் #மஞ்சக்குட்டை #ஏற்காடு