எண்ணெய்க் கிணறும் ஒரு சோதனையின் விலையும்

நம்ம ஊரில் போர் போடும் வண்டியைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். தெருவையே அதிர வைத்து, வீடெல்லாம் புழுதி கிளப்பி, ராத்திரி முழுக்கத் தூங்க விடாத அதே வண்டிதான். அதற்குக் கூலி அடிக் கணக்கு. எத்தனை அடி இறக்கினார்களோ அத்தனைக்குக் காசு. ஆழ்கடலில் எண்ணெய்க் கிணறு துளைக்கும் ரிக்குக்கோ பெரும்பாலும் நாள் கணக்கு. துளைத்தாலும் வாடகை, சும்மா நின்றாலும் வாடகை.

பி.காம். படிக்கிற எனக்கு இந்தத் துறையைப் பற்றிப் படித்ததில் மனதில் தங்கிப்போனது இந்த வித்தியாசம்தான். இதற்கும் 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் 11 பேர் செத்ததற்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது என் கருத்து. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் அடிப்படை. (இன்ஜினியரிங் நண்பர்கள் பொறுத்தருள்க!)

பூமிக்கு அடியில் எண்ணெய் ஏரி மாதிரி தேங்கி நிற்கவில்லை. பாறையின் நுண்ணிய துளைகளுக்குள் ஊறிப்போய் இருக்கிறது. அதற்கு மேலே எண்ணெயோ வாயுவோ நுழைய முடியாத இறுக்கமான இன்னொரு பாறை, பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும். உள்ளே அழுத்தம் பயங்கரமாக இருக்கும். காரின் டயரில் ஒரு சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு சொச்சம் காற்று அடிக்கிறோம் இல்லையா? நான் சொல்லப்போகும் கிணற்றின் அடியில் அது 11,000 பவுண்டுக்கும் மேல். அந்த மூடியில்தான் நாம் ஓட்டை போடுகிறோம். ஆகவே எண்ணெயை வரவைப்பதைவிட, நாம் சொல்லும்வரை வராமல் பிடித்து வைப்பதுதான் பெரிய வேலை.

1859-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டிரேக் என்பவர் போட்ட புகழ்பெற்ற கிணறு வெறும் 69½ அடிதான். கனமான உளியைத் தூக்கித் தூக்கிப் போட்டு இடிக்கிற முறை. இன்று குழாய்களை ஒன்றோடு ஒன்று மரை முடுக்கி இறக்குகிறார்கள். நுனியில் 'பிட்' என்ற பல் வைத்த தலை சுழன்று பாறையை அரைக்கிறது. நம்ம ஊர் போர் வண்டியில் அரைபட்ட பாறைத் தூளைக் கம்ப்ரசர் காற்று மேலே தள்ளும். எண்ணெய்க் கிணற்றில் அந்த வேலையைச் செய்வது சேறு. ஆமாங்க, சேறுதான்! துறையில் 'மட்' என்பார்கள். குழாய்க்குள் இறங்கி, பிட்டின் துவாரங்கள் வழியாகப் பீறிட்டு, குழாய்க்கு வெளிப்பக்கமாக மேலே ஏறி, தூளைச் சுமந்துகொண்டு வரும். மேலே சலித்து எடுத்துவிட்டு அதே சேற்றை மறுபடி உள்ளே அனுப்புவார்கள்.

இந்தச் சேற்றுக்கு இன்னொரு முக்கியமான வேலை உண்டு. தன் எடையால் கிணற்றை அமுக்கிப் பிடித்திருப்பது. கனம் கூட்டுவதற்கு பேரைட் என்ற தாதுவை அரைத்துக் கலக்கிறார்கள். பக்கத்து ஆந்திராவில் மங்கம்பேட்டையில் பெரிய பேரைட் சுரங்கம் இருக்கிறது. சேறு லேசாக இருந்தால் வாயு மேலே கிளம்பிவிடும். அளவுக்கு மீறிக் கனமாக இருந்தால் பாறையே பிளந்து சேற்றைக் குடித்துவிடும். இரண்டுக்கும் நடுவில்தான் வேலை செய்தாக வேண்டும்.

கொஞ்ச ஆழம் போனதும் இரும்புக் குழாய் இறக்கி, அதற்கும் பாறைச் சுவருக்கும் நடுவில் சிமென்ட் செலுத்தி இறுக்குவார்கள். இதற்குக் கேசிங் என்று பெயர். பிறகு அதற்குள் இன்னும் சின்ன அளவில் துளைப்பு, மறுபடி கேசிங். இப்படிப் போகப் போகக் குறுகிக்கொண்டே போகும். கிணற்றின் தலையில் பி.ஓ.பி. என்ற ராட்சத வால்வு அடுக்கு இருக்கும். மற்றதெல்லாம் கைவிட்டால் கிணற்றை இறுக்கி மூட வேண்டியது இது. ஆக சேறு, சிமென்ட், பி.ஓ.பி. என்று மூன்று காவல்.

இப்போது மெக்சிகோ வளைகுடாவுக்கு வருவோம். கிணற்றின் பெயர் மகோண்டோ. கடல் மட்டத்திலிருந்து தரைக்கு ஏறக்குறைய 5,000 அடி. அதற்கும் கீழே பாறையில் துளைத்து மொத்தம் 18,000 அடிக்கு மேல் போயிருந்தார்கள். கிணறு பி.பி. நிறுவனத்துடையது, டீப்வாட்டர் ஹொரைசன் என்ற ரிக் டிரான்ஸ்ஓஷனுடையது, சிமென்ட் வேலை ஹாலிபர்ட்டனுடையது. ரிக் வாடகை மட்டும் நாளுக்குச் சுமார் 5 லட்சம் டாலர். மற்ற செலவையும் சேர்த்தால் சுமார் 10 லட்சம். வேலையோ ஒரு மாதத்துக்கும் மேல் தாமதமாகியிருந்தது.

2010 ஏப்ரல் 20. சிமென்ட் போட்டாகிவிட்டது. அது நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று ஒலி மூலம் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அதற்கான குழு ரிக்கிலேயே தயாராக இருந்தது. காலையில் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றக் குழு வெளியிட்ட கணக்கு இது: சோதனை செய்திருந்தால் சுமார் 1,28,000 டாலர், ரத்து செய்ததற்குச் சுமார் 10,000 டாலர். அதோடு 9 முதல் 12 மணி நேரம் மிச்சம். நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். சிமென்ட் போடும்போது திரவம் எதுவும் பாறைக்குள் போகவில்லை என்றால் இந்தச் சோதனை தேவையில்லை என்பதுதான் அவர்களது திட்டம். விதியை மீறி அனுப்பிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது.

ஆனால் மாலையில் இன்னொரு சோதனை நடந்தது. கிணற்றின் மேல் அழுத்தத்தைக் குறைத்துவிட்டு, உள்ளிருந்து ஏதாவது தள்ளுகிறதா என்று பார்ப்பது. துளைக்கும் குழாயில் 1,400 பவுண்டு அழுத்தம் காட்டியது. பூஜ்யம் காட்ட வேண்டிய இடம்! அதற்கு ஏதோ ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டு, சோதனை வெற்றி என்று முடித்தார்கள். கனமான சேற்றை வெளியே எடுத்துவிட்டு லேசான கடல்நீரை நிரப்பினார்கள். இரவு 10 மணியை நெருங்கும்போது வாயு மேலே வந்து வெடித்தது. பி.ஓ.பி. கிணற்றை மூடவில்லை. 126 பேரில் 11 பேர் இறந்தார்கள். ரிக் இரண்டு நாளில் மூழ்கியது. எண்ணெய் 87 நாள் கடலில் கொட்டியது. கொடுமை என்னவென்றால், அதே நாளில்தான் ரிக்கின் ஏழு வருடப் பாதுகாப்புச் சாதனையைப் பாராட்ட மேலதிகாரிகள் வந்திருந்தார்கள்.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். செலவுக் கணக்கியலில் ஒரு முடிவை எடுக்க, எதைச் செய்தால் என்ன மிச்சம் என்று பார்க்கச் சொல்லித் தருகிறார்கள். சோதனையைத் தவிர்த்தால் மிச்சம் உடனே தெரியும், டாலரில் தெரியும், இன்றே தெரியும். சோதனை தடுக்கிற விபத்து எந்தப் பேரேட்டிலும் வராது. நடக்காத விபத்துக்கு ஏது வவுச்சர்? நாளுக்குப் பத்து லட்சம் டாலர் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில், "எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்பதுதான் மலிவான விளக்கம். யாரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. கணக்கே அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. இந்த விபத்துக்கு பி.பி. கடைசியில் 6,500 கோடி டாலர் அளவுக்குச் செலவழிக்க நேர்ந்தது. மிச்சப்படுத்திய 1,18,000 டாலரை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"அது அமெரிக்கா, நமக்கென்ன?" என்பவர்களுக்கு அசாமின் பாக்ஜன். 2020 மே 27-ல் ஆயில் இந்தியா நிறுவனத்தின் வாயுக் கிணறு பழுதுபார்ப்பு வேலையின்போது சீறிக் கிளம்பியது. ஜூன் 9-ல் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். நவம்பரில்தான் கிணறு அடங்கியது. சோதித்து உறுதி செய்த இரண்டாவது காவல் இல்லாமலே பி.ஓ.பி.யை அகற்றியதை விசாரணைக் குழு குறையாகச் சொன்னது. இரண்டு இடத்திலும் விஷயம் ஒன்றுதான். ஒரு காவல் நிற்கிறதா என்று உறுதி செய்யாமலே இன்னொன்றை எடுத்துவிட்டார்கள்.

என் யோசனை எளிமையானது. காவல்களைப் பரிசோதிக்கும் செலவை ஒப்பந்தத்திலேயே முன்கூட்டிக் கட்டிவிட வேண்டும். செய்தாலும் செய்யாவிட்டாலும் திரும்பி வராத பணமாக, அதற்கான மணி நேரமும் கால அட்டவணையில் தொட முடியாததாக இருக்க வேண்டும். அப்போது தவிர்ப்பதால் 'மிச்சம்' என்று எழுத எதுவும் இருக்காது. சந்தேகமான அளவு வந்தால் வேலையை நிறுத்தும் அதிகாரம், தாமதத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆளிடம் இருக்கக் கூடாது.

"இப்படிச் செய்தால் எண்ணெய் விலை ஏறாதா?" என்று கேட்கலாம். ஏறலாம்தான். ஆனால் அந்தச் செலவு இப்போதும் இல்லாமல் இல்லை. ரிக்கில் வேலை செய்கிறவரும், கிணற்றுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவரும் நம் சார்பில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பெட்ரோல் பில்லில் சேர்த்து நாமே கட்டுவதுதான் நியாயம்.

மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், பேசுவோம்.