கடையாணியும் கணினியும்

மாட்டுவண்டிச் சக்கரத்தின் உறுப்புகள் எத்தனை? நடுவே நிற்பது குடம். குடத்தினின்று கதிர்போல் விரிவன ஆரக்கால்கள். ஆரக்கால்களின் தலைகளைக் கவ்வி வட்டமாய் நிற்பது வட்டை. வட்டையின்மேல் இறுகக் கிடப்பது இரும்புப் பட்டை. சக்கரம் கழன்று ஓடாதவாறு அச்சின் முனையிற் செருகப் பெறுவது கடையாணி. எங்கள் ஊரில் எழுத்தறியாத வண்டிக்காரரும் இப்பெயர்களைப் பிழையின்றிக் கூறுவர். வழியில் இடர் நேர்ந்தால் அவர் தச்சரிடம் போய், "வண்டி கெட்டுவிட்டது" என்று பொதுப்படச் சொல்லி நில்லார். "ஆரக்கால் ஒன்று ஆடுகிறது" என்பார். அல்லது, "வட்டை பிளந்துவிட்டது" என்பார். நோய் இன்னதென அவரே கூறிவிடுவதால், தச்சருக்குப் பாதி வேலை குறைந்துவிடும்.

இத்தகைய தொழிற்சொற்களைத் தொகுக்கும் ஆசை எனக்கு உண்டாயிற்று. அப்போது யான் பள்ளியொன்றில் தமிழாசிரியனாய் இருந்தேன். கிணற்றுக்கு மின்பொறி வந்தபின் கமலை மறைந்தது. கமலையோடு சாலும் தும்பியும் வடமும் வால்கயிறும் மறைந்தன. பொருள் மறைந்தால் சொல் எத்தனை நாள் நிற்கும்? ஆதலின், 2005ஆம் ஆண்டு முதல் விடுமுறைதோறும் சிற்றூர்களுக்குச் சென்றேன்; முதியோரை அடுத்திருந்து கேட்டேன்; கேட்டவற்றை இரவிற் கணினியில் ஏற்றினேன்.

இங்கே என் அறியாமை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வண்டியின் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் பெயர் தேடி எழுதிய எனக்கு, அப்பெயர்களை ஏற்றிவைத்த கருவியின் உறுப்புகளுக்குப் பெயர் தெரியாது. பெட்டி, திரை, விசைப்பலகை என்னும் மூன்றே யான் அறிந்தவை. பெட்டியின் அகத்தே இருப்பது யாது என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

2007ஆம் ஆண்டுக் கோடையில் ஒருநாள் அக்கணினி உயிர்பெறாது நின்றுவிட்டது. விசையை அழுத்தினால் விசிறி ஒருகணம் சுழலும், பின்னர் ஓய்ந்துவிடும். கடைவீதியில் ஒருவரிடம் கொண்டுபோனேன். "என்ன பழுது, ஐயா?" என்றார் அவர். "ஓடவில்லை" என்றேன். அதற்குமேற் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவர் பெட்டியைத் திறந்தும் பாராமல், "தாய்ப்பலகை போய்விட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். தாய்ப்பலகை! எவர் ஆக்கினாரோ, நல்ல சொல். அச்சொல்லின் அழகில் மயங்கியே யான் அவர் கூற்றை நம்பிவிட்டேன் என்றால் மாணவர்கள் நகைப்பர். ஆயினும் உண்மை அதுவே.

பணம் திரட்டும்வரை பெட்டி திண்ணையிற் கிடந்தது. என் பழைய மாணவர் ஒருவர் வானொலி, தொலைக்காட்சி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். வழியே சென்ற அவர் அதனைக் கண்டு, திருப்புளி கொண்டுவந்து அங்கேயே திறந்தார். பச்சைப் பலகை ஒன்றின்மேல் விரல்நுனி அளவினவான சிறு உருளைகள் வரிசையாய் நின்றன. "இவை மின்தேக்கிகள், ஐயா. தலை தட்டையாய் இருத்தல் வேண்டும். இவ்வைந்தையும் பாருங்கள்" என்றார். ஐந்தின் தலைகளும் அப்பம்போல் உப்பியிருந்தன. ஒன்றின் தலை வெடித்துப் பழுப்பு நிறக் கசிவு உலர்ந்து கிடந்தது. உருளைக்குள் அலுமினியத் தகடும் நீர்மத்தில் நனைந்த தாளும் சுருட்டி வைக்கப்பட்டுள்ளன என்றும், ஏற்ற இறக்கமின்றி மின்னோட்டத்தைச் சீராக்கித் தருவது அதன் வேலை என்றும், நீர்மம் கெட்டால் உள்ளே வளி தோன்றித் தலையை உப்பச் செய்யும் என்றும் விளக்கினார். அந்நாளிற் செய்யப்பெற்ற கணினிகள் பலவற்றில் இக்குறை உலகெங்கும் காணப்பட்டது. ஐந்து உருளைகளுக்கும் சேர்த்து முப்பது ரூபாய் ஆயிற்று. மறுநாட் காலை கணினி ஓடியது.

முதலில் கண்டவரை யான் பழிக்கமாட்டேன். "மின்தேக்கி உப்பியுள்ளதா என்று பாருங்கள்" என்று கேட்கும் அறிவு எனக்கு இருந்திருப்பின், அவரும் திறந்து பார்த்திருப்பார். பெயர் அறியாதவன் எதனையும் கேட்கவியலாது. கேட்கவியலாதவன் பிறர் சொன்னதைக் கொள்ளவேண்டியவனே.

கணினியை முதன்முதற் செய்தவர்கள் இவ்வாறு இருந்தாரல்லர். அமெரிக்காவில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தார் அமைத்த 'மார்க் 2' என்னும் பெருங்கணினி 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் பழுதுற்றது. தேடியபோது, உள்ளே ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. எந்தப் பலகையில், எத்தனையாவது மின்னிணைப்பியில் அஃது இருந்தது என்பதனை அவர்கள் நாட்குறிப்பேட்டில் எழுதி, பூச்சியையும் அப்பக்கத்தில் ஒட்டிவைத்தனர். அவ்வேடு வாசிங்டன் நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் உள்ளது. அப்பக்கத்தின் படத்தை யான் கண்டபோது, "வட்டை பிளந்துவிட்டது" என்னும் எங்கள் ஊர் வண்டிக்காரரின் குரலே காதில் விழுந்தது.

முதற்பழுது எனக்குக் கற்பித்ததை யான் விரைவில் மறந்தேன். 2010ஆம் ஆண்டிற் புதிய கணினி வாங்கினேன். அதன்பின் குறிப்பேட்டில் எழுதும் வழக்கத்தை விட்டேன்; துண்டுத்தாளிற் குறித்து வந்து, கணினியில் ஏற்றியபின் தாளைக் கிழித்தெறிந்தேன். ஆறாண்டுகள் இவ்வாறு கழிந்தன. 2016ஆம் ஆண்டு ஐப்பசியில் பெட்டிக்குள்ளிருந்து 'டிக், டிக்' என்று ஓர் ஒலி எழுந்தது. பல்லி கத்துவதுபோல் இருந்தது. மூன்று வாரம் அவ்வொலியைக் கேட்டுக்கொண்டே எழுதினேன். ஒருநாள் ஒலியும் நின்றது, எழுத்தும் தோன்றவில்லை.

வன்தட்டு என்னும் உறுப்பின் இயல்பைப் பிறகே அறிந்தேன். கண்ணாடிபோற் பளபளக்கும் வட்டத் தட்டு நிமிடத்திற்கு 7,200 முறை சுழல்கிறது. எழுதவும் படிக்கவும் வல்ல 'தலை' என்னும் நுண்ணுறுப்பு அத்தட்டைத் தொடாமல், தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த உயரத்தில் மிதந்து செல்கிறது. தன் இடம் காணாது அத்தலையைத் தாங்கிய கை மீண்டும் மீண்டும் திரும்பி முட்டும்போது எழுவதே யான் கேட்ட ஒலி. அஃது ஓர் எச்சரிக்கை. வண்டியில் கடையாணி தளர்ந்தால் ஓர் ஒலி கேட்கும். கேட்டவுடன் வண்டிக்காரர் இறங்கிவிடுவார். யான் இறங்கவில்லை. மாணவர் அதனைச் சென்னைக்கு அனுப்பினார். தூசியற்ற அறையில் வைத்து ஆராய்ந்தவர்கள், தட்டின்மேல் தலை உரசிவிட்டமையால் எதனையும் மீட்க இயலாது என்று திருப்பி அனுப்பினர்.

ஆறாண்டுத் தொகுப்பு அழிந்தது. ஏறத்தாழ ஆயிரத்தெழுநூறு சொற்கள். ஓலைச்சுவடியைச் செல் அரிக்கும், ஈரம் கெடுக்கும். ஆதலின் நம் முன்னோர் ஏடு பழுதாகும் முன்னரே புதிய ஓலையிற் பெயர்த்தெழுதினர். அவ்வாறு எழுதியிராவிடின் சங்க நூல்கள் நம் கைக்கு வந்திரா என்று வகுப்புதோறும் முப்பதாண்டுகள் முழங்கியவன் யான்! என் சுவடிக்கு ஒரு படி எடுத்துவைக்க எனக்குத் தோன்றவில்லை. மின்தேக்கியை முப்பது ரூபாய்க்கு வாங்கலாம். சொல் எந்தக் கடையில் கிடைக்கும்?

மூன்றாவது பழுது என் பேரனுடைய வீடியோ விளையாட்டுப் பெட்டியைப் பற்றியது. அவன் அப்போது எட்டாம் வகுப்பிற் படித்தான். 2024ஆம் ஆண்டில் அப்பெட்டியின் விசிறி கொல்லருடைய துருத்திபோல் இரையத் தொடங்கியது. அரைமணி நேரம் ஆடினால் தானே அணைந்தது. விற்றவர்களின் பழுதுபார்ப்பு நிலையத்தில், உட்பலகை முழுவதையும் மாற்றவேண்டும் என்றும், புதிய பெட்டியின் விலையிற் பாதிக்குமேல் ஆகும் என்றும் கூறினர். இம்முறை யான் தலையசைத்துத் திரும்பவில்லை. "எந்த உறுப்பு பழுது?" என்று கேட்டேன். விடை வரவில்லை. பழைய மாணவரிடமே சென்றோம்.

திறப்பதே அரிதாயிற்று. திருகாணிகளின் தலை விண்மீன் வடிவில் இருந்தது. நடுவே ஒரு முளை வேறு. வழக்கமான திருப்புளி அதிற் பொருந்தாது. "திறவாதே" என்று பொருளை ஆக்கியோர் சொல்லும் முறை இது. விலைகொடுத்து வாங்கிய பொருளை உரியவன் திறத்தலாகாது எனின், அவன் எவ்வாறு உரியவன் ஆவான்? மின்பொருளை அறியாதார் திறப்பது இடர் என்பர். உண்மையே, மின்வழங்கும் பகுதியில் இணைப்பை நீக்கியபின்னும் மின்னூட்டம் தங்கி நிற்கும், சிறுவர் தொடலாகாது. ஆனால், கை தேர்ந்தவரும் திறவாதபடி பூட்டுவதற்கு அது காரணமாகாது. பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி இப்போது பல நாடுகள் பேசுகின்றன. நம் நடுவணரசும் அதன்பொருட்டு 2022ஆம் ஆண்டு டிசம்பரில் ஓர் இணையவாயிலைத் திறந்தது.

வெப்பம் இவ்வகைப் பெட்டிகளின் பெரும்பகை. மைக்ரோசாப்டு நிறுவனத்தின் 'எக்ஸ்பாக்ஸ் 360' பெட்டிகள் பல, மூன்று செவ்விளக்குகளைக் காட்டி நின்றுபோயின. சூடேறியும் ஆறியும் உள்ளிணைப்புகள் வெடித்தமை காரணம். 2007ஆம் ஆண்டு சூலையில் அந்நிறுவனம் அப்பழுதுக்குரிய பொறுப்புக் காலத்தை மூன்றாண்டாக நீட்டி, அதற்கென நூறு கோடி டாலருக்குமேல் ஒதுக்கியது. எங்கள் பேரனின் பெட்டிக்கு அத்துணைப் பெருநோய் இல்லை. வெப்பத்தை வெளியேற்றும் உலோக மடிப்புகளுக்கிடையே தூசி கம்பளம்போற் படிந்திருந்தது. சில்லின்மேல் தடவிய வெப்பப்பசை உலர்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. துடைத்துப் புதுப்பசை இட்டார். விசிறியின் இரைச்சல் அடங்கிற்று.

அன்று மாலை பேரன், "தாத்தா, உங்கள் பழைய வன்தட்டையும் திறந்து பார்க்கலாமா?" என்று கேட்டான். எட்டாண்டாக அது பெட்டகத்தினுள் இருந்தது. மாணவர் மேல்மூடியைக் கழற்றினார். தட்டு, அச்சு, கை, தலை என்று ஒவ்வொன்றையும் அவர் சுட்ட, பேரன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். பளபளக்கும் தட்டின் நடுவே சாம்பல் நிறத்தில் வட்டமாய் ஒரு கீறல் தெரிந்தது. "இங்கே இருந்த சொற்கள் யாவை?" என்றான். கமலை ஓட்டிய குடும்பத்து மூதாட்டி ஒருவர், கயிற்றில் இடும் முடிச்சுகளுக்குப் பன்னிரண்டு பெயர் சொல்லியிருந்தார். ஒன்பது நினைவுக்கு வந்தன. அவற்றை எழுதச் சொன்னேன். எஞ்சிய மூன்றையும் கேட்க யான் அவரூருக்கு முன்னரே ஒருமுறை சென்றதுண்டு. அவர் 2018இல் இறந்துவிட்டார் என்றனர். பேரன் குறிப்பேட்டில் மூன்று வரிகளை வெற்றிடமாக விட்டு, எண்களை மட்டும் இட்டுவைத்தான்.