பட்டுப்போன தென்னை யாருடைய பொறுப்பு?

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஜூன் மாதம் சுற்றுலாப் பயணிகளுக்கு மகிழ்ச்சியளிப்பது. செங்கோட்டை, கடையம், தென்காசி வட்டாரத் தென்னை விவசாயிகளுக்கோ அதுவே கவலை தொடங்கும் காலமும்கூட. மழைக்காலத்தில் காண்டாமிருக வண்டின் நடமாட்டம் அதிகரிக்கிறது. அது குருத்தைக் குடைந்து உண்டாக்கும் காயத்தின் வாசனையை நாடிச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடுகிறது.

முன்னது விளைச்சலைக் குறைக்கும். பின்னது மரத்தையே கொல்லும். கூன்வண்டின் புழுக்கள் தண்டுக்குள் இருந்தபடியே திசுக்களைத் தின்று தீர்க்கின்றன. தண்டில் சிறு துளைகளும், அவற்றில் வடியும் செந்நிறச் சாறும், மென்று தள்ளப்பட்ட நாரும்தான் தொடக்க அறிகுறிகள். நடுக்குருத்து வாடியதைக் கண்டு விவசாயி பதறும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

மரம் துளைக்கும் பூச்சிகள் எங்கும் இப்படித்தான் ஏமாற்றுகின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2002-இல் கண்டறியப்பட்ட மரகத ஆஷ் வண்டு, அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வேரூன்றியிருந்தது. விறகுடனும் நாற்றுகளுடனும் பயணித்து, கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அது அழித்தது. நமது மண்ணுக்குரிய கூன்வண்டோ 1980-களில் வளைகுடா நாடுகளின் பேரீச்சந் தோட்டங்களை எட்டி, அலங்காரப் பனைகளின் வழியே மத்தியதரைக் கடல் நாடுகளுக்கும் பரவியது. ஸ்பெயினின் கேனரி தீவுகள் அதை முற்றிலும் ஒழித்தன. வெளியிலிருந்து பனைக் கன்றுகள் வருவதைத் தடுத்ததும், தாக்கப்பட்ட மரங்களைத் தேடி அழித்ததும், தொடர்ந்து கண்காணித்ததுமே அதற்குக் காரணம்.

நமது மண்ணில் கூன்வண்டை அடியோடு ஒழிக்க இயலாது. எனினும், தாக்கப்பட்ட மரத்தை விட்டுவைக்கக் கூடாது என்ற பாடம் நமக்கும் பொருந்தும். ஒருவர் இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறார்; எருக்குழியில் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையை இடுகிறார்; பச்சை மட்டையை வெட்டாமல் தவிர்க்கிறார். பக்கத்துத் தோப்பில் பட்டுப்போன மரம் நின்றுகொண்டிருந்தால் இவ்வளவு உழைப்பும் வீணாகிறது. கூன்வண்டு பெருகிய அந்தத் தண்டு மட்கத் தொடங்கியதும் காண்டாமிருக வண்டுக்குப் பிறப்பிடமாகிறது. வண்டுகளுக்கு வேலியும் பட்டா எல்லையும் கிடையாது.

இதை உணர்ந்தே அன்றைய சென்னை மாகாண அரசு 1919-இலேயே வேளாண் பூச்சி, நோய்கள் சட்டத்தை இயற்றியது. ஒரு பகுதியில் குறிப்பிட்ட பூச்சியைக் கட்டுப்படுத்தும் நடவடிக்கைகளை நில உடைமையாளர்கள் அனைவருக்கும் கட்டாயமாக்கும் அதிகாரம் அதில் உண்டு.

ஆனால், சட்டத்தின் கண்டிப்பு மட்டும் போதாது. வருமானம் தராத மரத்தை வெட்டவும், துண்டாக்கவும், எரிக்கவும் கூலி கொடுக்க வேண்டியிருப்பதால்தான் சிறு விவசாயி அதை அப்படியே விட்டுவிடுகிறார். வெளியூரில் வசிக்கும் உரிமையாளருக்குத் தோப்பின் நிலையே தெரிவதில்லை. முன்னவருக்கு உதவி தேவை. பின்னவருக்கு அறிவிக்கை தேவை.

முதிர்ந்த, நோயுற்ற மரங்களை அகற்றத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் மறுநடவுத் திட்டம் உதவி வழங்குகிறது. அந்த உதவியை ஊர்தோறும் ஒரே காலத்தில், சாரலுக்கு முந்தைய கோடை மாதங்களிலேயே கிடைக்கச் செய்ய வேண்டும். வேளாண்மைத் துறையும் ஊராட்சிகளும் இணைந்து பட்ட மரங்களைக் கணக்கெடுத்து அகற்றுவதை ஆண்டுதோறும் நடைபெறும் பணியாக்க வேண்டும். மரம் தனியாருடையதாக இருக்கலாம். அதற்குள் வளரும் வண்டு ஊருக்கே பொதுவானது.