மிதப்பே சுமையாகும்போது

2004 ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கடற்கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருமளவில் வழங்கப்பட்டன. அவற்றுள் இன்றும் கடலுக்குச் செல்பவை முதுமையடைந்துவிட்டன. அவற்றின் பெருங்குறை கண்ணுக்குத் தெரிவதில்லை.

படகு கவிழ்ந்தாலும் மூழ்காதிருக்கவே தளத்தின் அடியில் பாலியூரித்தேன் நுரை அடைக்கப்படுகிறது. உலர்ந்த நுரை ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 30 முதல் 40 கிலோ எடையுடையது. அதே கன அளவு நீரோ 1,000 கிலோ. திருகாணித் துளைகளிலும் விரிசல்களிலும் ஆண்டுக்கணக்கில் கசியும் நீர் நுரைக்குள் தங்கினால் படகு தாழும், டீசல் கூடுதலாகக் கரையும், உயிர் காக்க வேண்டிய மிதப்பும் குன்றும்.

மூடிய அறைக்குள் காற்றோட்டம் இல்லாததால் கரையில் வெயிலில் நிறுத்துவது மட்டும் பயன் தராது. மேற்பூச்சால் துளையை அடைப்பது நீரை உள்ளேயே சிறைவைக்கும். தளத்தை வெட்டித் திறந்து, நனைந்த நுரையை அகற்றி, உள்மரம் இற்றிருந்தால் மாற்றி, முற்றிலும் உலர்ந்தபின் புதிய நுரை நிரப்புவதே தீர்வு.

இச்செலவையும் தொழிலிழக்கும் நாள்களையும் சிறு மீனவர் தனியே சுமப்பது கடினம். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் பழைய படகுக்கு மாற்றாகப் புதிய படகு பெற உதவுகிறது. பழைய படகைச் செப்பனிடவும் அத்தகைய உதவி வேண்டும். படகு ஆய்வில் எடையும் அளக்கப்பட வேண்டும். மிதப்பு என்பது மீனவரின் உயிர்க்காப்பு. அதைப் பேணுவதும் அரசின் கடமையே.