வாடகை அறியாதவர்கள்

2010 ஆகஸ்டில் மக்களவையில் ஒரு விநோதமான கோஷ்டி கானம் கேட்டது. எம்.பி.க்களின் மாதச் சம்பளத்தை 16,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாயாக உயர்த்த மத்திய அமைச்சரவை முடிவு செய்திருந்தது. மூன்று மடங்குக்கும் அதிகமான உயர்வு. ஆனால் லாலு பிரசாத் யாதவும் முலாயம் சிங் யாதவும் கொதித்தெழுந்தார்கள். மத்திய அரசுச் செயலாளர் வாங்குவது 80,000 ரூபாய். பதவி வரிசையில் அவருக்கு மேலே இருக்கும் எம்.பி.க்கு 80,001 ரூபாயாவது வேண்டாமா என்பது அவர்கள் வாதம். நாடாளுமன்றக் கூட்டுக் குழுவே பரிந்துரைத்திருந்த தொகை அது. அவை ஒத்திவைக்கப்பட்டது. கடைசியில் சம்பளம் 50,000-இலேயே நின்றது. படிகளில் 10,000 ரூபாய் கூடியது. ரகளை ஓய்ந்தது.

ஒரு ரூபாய்க்காக நடந்த அந்தச் சண்டையில் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரிய விஷயம் ஒன்று அவ்வளவாகப் பேசப்படவில்லை. அது வீடு.

எம்.பி.க்களின் சம்பளத்தை நாடாளுமன்றமே சட்டம் போட்டு நிர்ணயித்துக் கொள்ளலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 106-ஆவது பிரிவு. 1954-இல் வந்த முதல் சட்டத்தின்படி மாதம் 400 ரூபாய் சம்பளம், கூட்டம் நடக்கும் நாட்களில் 21 ரூபாய் தினப்படி. 1985-இல் சம்பளம் 1,000 ரூபாய். 1998-இல் 4,000. 2001-இல் 12,000. ஒவ்வொரு முறை உயர்ந்தபோதும் பத்திரிகைகள் கண்டித்தன. ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் அன்றைக்கு மட்டும் அருகருகே உட்கார்ந்து மேஜையைத் தட்டின.

இந்தச் சங்கடத்தைத் தவிர்க்க 2018-இல் ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் ஆயிற்று. இனி ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டை ஒட்டி அது தானாகவே உயரும் என்று நிதிச் சட்டத்தில் எழுதப்பட்டது. சொத்து விற்ற லாபத்துக்கு வரி கணக்கிட வருமான வரித் துறை பயன்படுத்தும் குறியீடு இது. 2018-19-இல் அது 280, 2023-24-இல் 348. உயர்வு சுமார் 24 சதவீதம். அதன்படி 2025 மார்ச்சில் வெளிவந்த அறிவிப்பு, 2023 ஏப்ரலிலிருந்து முன்தேதியிட்டு சம்பளத்தை 1,24,000 ரூபாயாக்கியது. தினப்படி 2,500 ரூபாய். முன்னாள் உறுப்பினர்களின் ஓய்வூதியம் 31,000 ரூபாய்.

இந்த எண்களைப் பார்த்துக் கோபப்படுவது எளிது. ஆனால் பெரிய தனியார் கம்பெனிகளில் நடுத்தர மேலாளர்கள் பலர் இதைவிட அதிகம் வாங்குகிறார்கள். பல லட்சம் வாக்காளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒருவருக்கு 1,24,000 ரூபாய் அநியாயச் சம்பளம் அல்ல. எம்.பி.க்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று போராடிக் கேட்டவர்கள் அரசியல்வாதிகளும் அல்ல, தொழிலாளிகள். 1838-இல் பிரிட்டனின் சாசன இயக்கத்தினர் முன்வைத்த ஆறு கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. சம்பளம் இல்லாத சபையில் நிலப்பிரபுக்கள் மட்டுமே உட்கார முடியும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். 1911-இல்தான் பிரிட்டிஷ் எம்.பி.க்களுக்கு ஆண்டுக்கு 400 பவுன் சம்பளம் கிடைத்தது. ஏழை வீட்டுப் பிள்ளையும் நாடாளுமன்றத்துக்கு வர வேண்டுமானால் அவருக்குச் சம்பளமும் வேண்டும், தலைநகரில் தங்க இடமும் வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், சம்பளம் கணக்கில் வருகிறது. இடம் கணக்கில் வருவதில்லை. பதவிக்காலம் முழுவதும் ஒரு எம்.பி.க்கு தில்லியில் அடுக்குமாடி வீடு வாடகையில்லாமல் உண்டு. பங்களா கிடைத்தால் உரிமக் கட்டணம் என்ற பெயரில் ஒரு சிறு தொகை கட்டினால் போதும். ஆண்டுக்கு 50,000 யூனிட் மின்சாரமும் 40 லட்சம் லிட்டர் தண்ணீரும் இலவசம். வீடு இருப்பதோ நார்த் அவென்யூ, சவுத் அவென்யூ, பிஷம்பர் தாஸ் மார்க் போன்ற இடங்களில். சில வீடுகளிலிருந்து நாடாளுமன்றத்துக்கு நடந்தே போய்விடலாம். 2020 நவம்பரில் பிஷம்பர் தாஸ் மார்க்கில் எட்டு பழைய பங்களாக்கள் இருந்த இடத்தில் 76 வீடுகள் திறக்கப்பட்டன. 2025 ஆகஸ்டில் பாபா கரக் சிங் மார்க்கில் மேலும் 184 வீடுகள் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5,000 சதுர அடி. எட்டு குடும்பங்கள் இருந்த இடத்தில் 76 குடும்பங்களைக் குடியமர்த்துவது சிக்கனம்தான், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதே வட்டாரத்தில் 5,000 சதுர அடி வீட்டை வாடகைக்குப் பிடிக்க நினைப்பவருக்கு 1,24,000 ரூபாய் முழுச் சம்பளமும் போதாது. அதாவது எம்.பி.யின் உண்மையான ஊதியத்தில் பெரும்பகுதி ரூபாயாக வருவதில்லை. சுவராகவும் கூரையாகவும் வருகிறது.

இந்த வீடு ஆண்டு முழுவதும் அவருடையது. அவை கூடும் நாட்களோ குறைந்து வருகின்றன. முதல் மக்களவை ஐந்தாண்டுகளில் 677 நாட்கள் கூடியது. 2019 முதல் 2024 வரை இருந்த 17-ஆவது மக்களவை கூடியது 274 நாட்கள். ஆண்டுக்குச் சராசரி 55. குழுக் கூட்டங்கள், தொகுதி மக்களுக்காக அமைச்சகங்களுக்கு ஏறி இறங்குவது என்று வேறு வேலைகளும் உண்டு என்பது உண்மை. இருந்தாலும் 1950-களில் அதிக நாட்கள் உழைத்தவர்களுக்கு வகுத்த விதி, இன்று குறைந்த நாட்கள் கூடும் அவைக்கும் அப்படியே தொடர்கிறது.

ஊதியமாக வரும் வீட்டில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கொடுத்தவர் பறிக்கவும் முடியும். 2023 மார்ச்சில் தகுதி நீக்கம் செய்யப்பட்ட ராகுல் காந்தி ஒரு மாதத்துக்குள் துக்ளக் லேன் பங்களாவைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அவையிலிருந்து நீக்கப்பட்ட மஹுவா மொய்த்ரா 2024 ஜனவரியில் வெளியேறினார். விதிப்படி இரண்டுமே சரி. ஆனால் அதே விதி எல்லோருக்கும் அதே வேகத்தில் பாய்வதில்லை. தேர்தலில் தோற்ற பிறகும் மாதக்கணக்கில் பங்களாவை விடாத முன்னாள்கள் எல்லாக் கட்சியிலும் உண்டு. 2019-இல் அரசு தனிச் சட்டத் திருத்தமே கொண்டுவந்து, காரணம் கேட்க மூன்று நாள் அவகாசம் போதும் என்று விதிக்க வேண்டியிருந்தது. உத்தரப் பிரதேசமோ முன்னாள் முதல்வர்களுக்கு ஆயுள் முழுக்க பங்களா என்று சட்டமே இயற்றியது. உச்ச நீதிமன்றம் 2018 மே மாதம் அதைச் செல்லாது என்று தள்ளியது. பதவி போன பிறகு முன்னாள் முதல்வரும் சாதாரணக் குடிமகன்தான் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

சாதாரணக் குடிமகனின் வாடகைக் கணக்கு எப்படி இருக்கிறது? அதற்கு நாடாளுமன்ற வட்டாரத்தை விட்டு வெகுதூரம் போக வேண்டாம். எம்.பி.யின் உதவியாளரையே எடுத்துக்கொள்ளலாம். அலுவலகச் செலவுப் படியிலிருந்து அவருக்குக் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் 50,000 ரூபாய். வீடு கிடையாது. லட்சுமி நகர், நொய்டா என்று யமுனைக்கு அப்பால்தான் அவர் இடம் தேட வேண்டும்.

அரசின் கடைநிலை ஊழியருக்கு வீட்டு வாடகைப் படி உண்டு. ஏழாவது ஊதியக் குழுவின்படி, தில்லி போன்ற பெருநகரங்களில் அது அடிப்படைச் சம்பளத்தில் 24 சதவீதமாகத் தொடங்கியது. அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதால் 2024 ஜனவரி முதல் 30 சதவீதமாயிற்று. அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய் என்றால் வாடகைப் படி 5,400 ரூபாய். கணக்கில் உள்ள விசித்திரம் கவனிக்கத்தக்கது. வாடகைப் படி வாடகையைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை. சம்பளத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. அறை வாடகை செயலாளருக்கும் கடைநிலை ஊழியருக்கும் ஒன்றுதான். படி மட்டும் ஆளுக்குத் தக்கபடி. 5,400 ரூபாய்க்கு மத்திய தில்லியில் ஓர் அறைகூடக் கிடைக்காது. அரசுக் குடியிருப்புக்கு எழுதி வைத்துக் காத்திருக்கலாம். சரோஜினி நகர், நேதாஜி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளை இடித்து, சுமார் 13,000 வீடுகளுக்குப் பதில் 25,000-க்கும் அதிகமான வீடுகள் கட்டும் திட்டத்துக்கு 2016-இல் அனுமதி கிடைத்தது. அதற்குப் பணம் திரட்ட, ஊழியர்கள் வாழ்ந்த நவுரோஜி நகரில் வணிக வளாகம் எழுந்தது.

இதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது. ஒப்பந்தத் துப்புரவாளர், தோட்டக்காரர், சமையல்காரர், வீட்டு வேலை செய்யும் பெண்கள். இவர்களுக்கு வாடகைப் படி என்ற சொல்லே கிடையாது. பங்களாக்களின் பின்புறம் வரிசையாக இருக்கும் பணியாளர் அறைகளில் சிலர் தங்குகிறார்கள். உழைப்பே வாடகை. எஜமானர் தேர்தலில் தோற்றால் இவர்களுக்கும் அறை போகும்.

மற்றவர்கள் குடிசைப் பகுதிகளைத்தான் நம்பியிருந்தார்கள். ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய் ஓரம் இருந்த மதராஸி கேம்ப் அப்படி ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் பல பத்தாண்டுகளாக அங்கே வாழ்ந்தார்கள். பெண்கள் பலர் அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்தார்கள். பிள்ளைகள் லோதி எஸ்டேட்டில் உள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிக்குப் போனார்கள். அரசு பங்களாக்கள் நிறைந்த அதே லோதி எஸ்டேட்தான். கால்வாயை அடைக்கும் ஆக்கிரமிப்பு என்று தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட, 2025 ஜூன் 1-ஆம் தேதி புல்டோசர்கள் வந்தன. சுமார் 370 வீடுகள் போயின. 189 குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரம், தில்லியின் வட எல்லை.

நரேலாவில் கிடைப்பது கான்கிரீட் வீடு. குடிசையைவிட நல்ல வீடு என்றுகூடச் சொல்லலாம். ஆனால் காலை ஏழு மணிக்கு ஜங்புராவில் பாத்திரம் தேய்க்க வர வேண்டிய பெண்ணுக்கு அந்த வீட்டால் என்ன பயன்? பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் போகும் பணம் ஒருபுறம். போகவர ஆகும் மூன்று நான்கு மணி நேரத்தில் இரண்டு வீட்டு வேலை போய்விடும். வேலை போனால் வீட்டுக்குக் கட்ட வேண்டிய பணத்துக்கு எங்கே போவது? பள்ளிக்கூடம் மாறினால் தமிழ் போகும்.

இதை நீதிமன்றங்கள் அறியாமல் இல்லை. 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், ஏழைகள் குடிசையிலும் நடைபாதையிலும் வாழ்வது வேலைக்குப் பக்கத்தில் இருப்பதற்காகத்தான். போக்குவரத்துச் செலவு அவர்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் முறையான அறிவிப்பு கொடுத்து அகற்றலாம் என்றது. 2019-இல் ஷகூர் பஸ்தி வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம், வீட்டுரிமை என்பது கூரை மட்டுமல்ல, பிழைப்பு, கல்வி, சுகாதாரம் எல்லாம் சேர்ந்தது என்று விளக்கியது. தில்லியின் 2015-ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கொள்கையும் அதே இடத்தில், முடியாவிட்டால் ஐந்து கிலோமீட்டருக்குள் வீடு என்றுதான் சொல்கிறது. விதிவிலக்காக மட்டுமே அதற்கு அப்பால். மதராஸி கேம்ப்புக்கு விதிவிலக்கே விதியானது. இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கால்காஜியில் அதே பகுதியிலேயே 3,024 வீடுகள் கட்டி 2022 நவம்பரில் குடிசைவாசிகளுக்குக் கொடுக்கப்பட்டன. மனம் இருந்தால் முடியும்.

ஆக, வேலைக்குப் பக்கத்தில் வீடு வேண்டும் என்ற கொள்கை இந்திய அரசுக்குப் புதிதல்ல. எம்.பி.க்களுக்கு அதை உரிமையாக எழுதி வைத்திருக்கிறது. குமாஸ்தாவுக்கு அதைச் சலுகையாகவும், வேலைக்காரப் பெண்ணுக்கு அதை ஆக்கிரமிப்பாகவும் பார்க்கிறது.

எம்.பி.க்களின் வீட்டைப் பிடுங்க வேண்டும் என்று சொல்வது மலிவான தீர்வு. பிடுங்கினால் தில்லியில் சொந்த வீடு உள்ள பணக்காரர்களுக்கே அவை வசதியாகும். செய்ய வேண்டியவை வேறு. முதலாவது, சம்பளத்தை உறுப்பினர்களே நிர்ணயிப்பதை நிறுத்த வேண்டும். மக்களவைத் தலைவராக இருந்த சோம்நாத் சாட்டர்ஜியே சுயேச்சையான அமைப்பு வேண்டும் என்று வலியுறுத்தியவர். பிரிட்டனில் 2009-இல் எம்.பி.க்களின் செலவுக் கணக்கு ஊழல் வெடித்த பிறகு அப்படி ஓர் அமைப்பு வந்தது. லண்டனுக்கு வெளியிலிருந்து வரும் எம்.பி. உச்சவரம்புக்கு உட்பட்டு வாடகை கேட்டுப் பெறலாம். அந்தக் கணக்கு பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படும். இரண்டாவது, வீட்டின் மதிப்பை ஊதியத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும். கணக்கிடத் தெரியாது என்று அரசு சொல்ல முடியாது. காலி செய்ய மறுப்பவரிடம் உரிமக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு அபராத வாடகை வசூலிக்க அட்டவணையே வைத்திருக்கிறது. மூன்றாவது, வாடகைப் படியைச் சம்பளத்தோடு அல்ல, ஊர் வாடகையோடு இணைக்க வேண்டும்.

நாடாளுமன்றத்தில் வாடகைச் சட்டம், வீட்டு வசதி, குடிசை மாற்று பற்றியெல்லாம் பேசுபவர்கள் தில்லியில் வாடகை ரசீது பார்க்காதவர்கள். மாதம் முதல் தேதி வீட்டுக்காரர் கதவைத் தட்டும் பயம் அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. தங்கள் வீட்டின் விலை என்ன என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு காகிதத்தில் பார்க்க நேர்ந்தால், அந்த வீட்டைப் பெருக்கித் துடைப்பவர் எத்தனை கிலோமீட்டர் கடந்து வருகிறார் என்ற கேள்வியும் அவர்களுக்குத் தோன்றக்கூடும்.