மலிவு விலைக் காரும் தேய்மானக் கணக்கும்

சென்ற ஆடித் திங்களில் பூவிருந்தவல்லிக்கு அப்பாலுள்ள சங்கமொன்றிற்கு ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தோம். அலுவல் முடிந்து புறப்படும் வேளையில், அங்கத்தினரான நெசவாளர் ஒருவர் நகைக்கடன் மனுவுடன் வந்து நின்றார். பெண்ணின் கலியாணத்திற்கோ, பாவுக்கு நூல் வாங்குவதற்கோ அன்று. காரைப் பழுது பார்ப்பதற்கு. நான்காண்டுகளுக்கு முன் பழைய சிறிய கார் ஒன்றை ஒன்றரை இலட்ச ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். வயது முதிர்ந்த தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அது தேவைப்பட்டது. வாங்கிய கடனை ஒரு தவணையும் தவறாமல் அடைத்தார். அடைத்து முடித்த மூன்றாம் மாதம், இஞ்சினுள் டைமிங் பெல்ட் அறுந்து வால்வுகள் வளைந்துவிட்டன. செலவு இருபத்தெட்டாயிரம். “கடன் முடிஞ்சுதுன்னு நிம்மதியா இருந்தேன் சார்” என்றார். அந்த நிம்மதியைப் பற்றியே ஈண்டு சில சொல்ல விரும்புகிறோம்.

நெசவாளருக்கும் விவசாயிக்கும் கார் எதற்கு என்று கேட்போர் உளர். அவர்களோடு நாம் உடன்படோம். 1983ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாய் விலையில் வெளிவந்தபோதே, கார் என்பது மிராசுதாரரின் சொத்து என்ற எண்ணம் ஆட்டம் கண்டுவிட்டது. நமது வட்டாரத்தைப் பொறுத்தவரை கார் அயற்பொருளும் அன்று. பாடியிலும் அம்பத்தூரிலும் சக்கரமும் பிரேக்கும் மின்சாதனமும் செய்து, நாட்டின் கார்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். பூவிருந்தவல்லியைத் தாண்டி அதே சாலையில் சென்றால் வரும் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998இல் சான்ட்ரோ புறப்பட்டது. செய்கிறவர் வீட்டில் ஒன்று இருப்பதில் என்ன தவறு?

வாங்கலாம். ஆனால் மலிவு என்பது வாங்கும் நாளின் விலை மட்டும்தானா என்பதே நமது கேள்வி. 2008இல் ஓர் இலட்ச ரூபாய்க் கார் என்று நானோவை அறிமுகம் செய்தபோது நாடே வியந்து பார்த்தது. பத்தே ஆண்டுகளில், 2018இல், அதன் உற்பத்தி ஓய்ந்தது. மலிவுக் கார் என்று அதனை விளம்பரப்படுத்தியது பிழை என ரத்தன் டாடாவே பின்னர்க் கூறினார். மாருதி 800இன் கதை வேறு. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற பின்னும் அது நம் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம் அதிசயமானதன்று. மூன்று சிலிண்டர், 796 சி.சி. இஞ்சின், குறைந்த எடை, கெடுவதற்கென்று இருக்கும் பாகங்களே சில. கெட்டால் கழற்றத் தெரிந்த மெக்கானிக் ஊருக்கு ஊர் இருந்தார். புதிய பாகம் விலை மிகுதி என்றால் புதுப்பேட்டைக்குப் போய்ப் பழையதைத் தேடலாம். பழைய கார் வாங்க எண்ணும் அன்பர்கள் பெயிண்டின் பளபளப்பைப் பார்ப்பதினும், அதன் பாகங்கள் பத்தாண்டுகள் கழித்தும் கிடைக்குமா என்று விசாரிப்பதே அறிவுடைமை.

இத்தகைய வண்டியும் தானே நீடித்து உழைத்துவிடாது. நெசவாளர் அச்சும் விழுதும் தேய்வதைக் கண்ணால் காண்கிறார், அறும்வரை காத்திரார். காரின் தேய்மானம் மூடிக்குள் நிகழ்கிறது. டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி வைத்த கார்களும் உண்டு; ரப்பர் பெல்ட் உள்ள காருக்கோ, எத்தனை கிலோமீட்டரில் அதனை மாற்றவேண்டுமென்று கையேட்டில் அச்சிட்டே கொடுத்திருக்கிறார்கள். அதைப் புரட்டுவார்தாம் இல்லை! ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றாமல், போர்க்கிணற்று உப்புநீரை ஊற்றி அடைக்க வைப்போரும் நம்மிடையே உண்டு. சூடேறிய இஞ்சினின் அலுமினியத் தலைப்பகுதி கோணிவிட்டால் செலவு ஆயிரங்களில் நிற்காது.

வெள்ளம் தனிக்கதை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நம் பக்கத்துச் சாலைகளிலும் தெருக்களிலும் கார்கள் நீரில் நின்றன. நீர் வடிந்ததும் “ஓடுகிறதா பார்ப்போம்” என்று சாவியைத் திருப்பியவர்கள் பலர். சிலிண்டருக்குள் புகுந்த நீர் அழுந்தாது. பிஸ்டனைத் தாங்கும் கம்பியே வளையும். சாதாரண முழு இன்சூரன்ஸ் பொதுவாக அந்தச் சேதத்திற்குப் பணம் தராது. இஞ்சின் பாதுகாப்பென்று தனிப் பிரீமியம் கட்டியிருக்கவேண்டும். நீரில் நின்ற காரைத் தொடாமல் இழுத்துச் செல்லச் சொல்வதே செலவற்ற வைத்தியம்.

இனி நமது துறையின் பாஷைக்கு வருவோம். சங்கத்தின் தறிக்கும் கட்டடத்திற்கும் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதாமல் விட்டால் நாமே குறிப்பெழுதி விளக்கம் கேட்கிறோம். ஆவடியில் செய்யும் டாங்கிகளுக்கும் இன்ன காலத்தில் முழுப் பராமரிப்பு என்று முன்னரே விதித்திருக்கிறார்கள். யுத்தகளத்தில் நிற்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று விடுவதில்லை. அங்கத்தினர் வீட்டுக் காருக்கு மட்டும் யாரும் தேய்மானம் எழுதுவதில்லை. கடன் தரும் சங்கமும் தவணையைக் கணக்கிடுகிறதே தவிர, தவணை முடிந்த பின் வரும் செலவைக் கேட்பதில்லை.

நாமும் ஒரு பழைய சிறிய காரில்தான் சங்கம் சங்கமாகச் செல்கிறோம். பெட்ரோலும் இன்சூரன்சும் நீங்கலாக, ஆறாண்டுகளில் டயர், பாட்டரி, கிளச், சில்லறை வேலை எல்லாம் சேர்ந்து ஒரு இலட்சத்து எட்டாயிரம் ஆயிற்று. மாதத்திற்கு 1,500 ரூபாய். ஆனால் அது மாதந்தோறும் வரவில்லை. ஓராண்டு வெறுமையாயிருந்து, மறு ஆண்டு ஒரே மழைக்காலத்தில் முப்பதாயிரமாக வந்தது. சம்பளக்காரராகிய நமக்கே அது கனத்தது. கூலி நிச்சயமற்ற நெசவாளருக்கு எப்படியிருக்கும்? பதினைந்து ஆண்டுகள் முடிந்தால் தகுதிச் சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று.

ஆதலின் நமது யோசனை இது. காருக்குக் கடன் கொடுக்கும் சங்கம், முதல் மாதத்திலிருந்தே அங்கத்தினர் பெயரில் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு தொடர் வைப்பும் தொடங்கட்டும். இருக்கிற பாரம் போதாதா என்று ஒரு செயலாளர் நம்மிடம் வாதாடினார். நியாயமான கேள்வியே. கடனோடு இந்த ஆயிரத்தையும் கட்ட இயலாதவருக்கு அந்தக் கார் தகாது என்பதை, நகை அடகுக்கு வருமுன் அவர் தெரிந்துகொள்வது நல்லதல்லவா என்றோம். அவர் முழுதும் ஒப்பவில்லை. ஆயினும் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பொருளாக வைப்பதாகச் சொன்னார்.

நெசவாளரின் மனு அன்றே ஒப்புக்கொள்ளப்பட்டது. மனைவியின் இரண்டு வளையல்கள் எடை போடப்பட்டன. கார் இப்போது ஓடுகிறது என்றும், புதிய பெல்ட் போட்ட தேதியையும் கிலோமீட்டரையும் தறிக்கூடத்துச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார் என்றும் கேள்விப்படுகிறோம்.