வெறும் துவக்கு என்று ஒன்று இல்லை

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். துப்பாக்கியால் நிகழ்ந்த மரணங்களைப் பற்றி எத்தனை செய்திகள் எழுதினேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் ஒரு துப்பாக்கியை முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்தது எழுபது வயதைக் கடந்த பின்னர்தான். அதுவும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஒரு கடையில்.

என் தங்கையின் மகன் பீனிக்ஸ் நகருக்கு அருகில் வசிக்கிறார். பக்கத்து வீதியில் ஒரு வீடு உடைக்கப்பட்டதிலிருந்து அவருக்குக் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கும் எண்ணம். அவருடைய மனைவிக்கு அதில் துளியும் விருப்பமில்லை. ஏழு வயதுப் பிள்ளை இருக்கிற வீடு என்பது அவரது வாதம். "மாமா, நீங்களும் வாங்கோ. சும்மா பாத்திட்டு வருவம்" என்று மருமகன் அழைத்தபோது மறுக்காமல் புறப்பட்டேன். பத்திரிகைக்காரனின் ஆவல் வயதோடு போவதில்லை.

கைக்கடிகாரக் கடையில் கடிகாரங்களை அடுக்கியிருப்பது போலக் கண்ணாடிப் பேழைகளுக்குள் கைத்துப்பாக்கிகளை அடுக்கியிருந்தார்கள். அமெரிக்காவில் உரிமம் பெற்ற வணிகரிடம் துப்பாக்கி வாங்குபவர் 4473 என்ற இலக்கமுடைய படிவத்தை நிரப்ப வேண்டும். அவருடைய பின்னணியைச் சரிபார்க்கும் தேசிய முறையொன்று 1998 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் வாங்கும்போதுதான். அந்தக் கடையில் எடுத்துப் பார்ப்பதற்கு எங்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. வாசலில் மட்டும் ஓர் அறிவித்தல்: சொந்த ஆயுதத்துடன் வருபவர் அதனை உறையிலிருந்து வெளியே எடுக்கக்கூடாது, திருத்துவதற்குக் கொண்டுவருபவர் தோட்டா நீக்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும்.

விற்பனையாளர் அறுபது வயது மதிக்கத்தக்கவர். மருமகன் சுட்டிக்காட்டிய கைத்துப்பாக்கியை எடுத்தார். முதலில் ரவைக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். மேற்பகுதியைப் பின்னால் இழுத்துத் திறந்தபடியே நிறுத்தினார். உள்ளே பார்த்தார். பின்னர் மருமகனும் பார்க்கும்படி அதனைத் திருப்பிக் காட்டி, குழல் ஒருவர் பக்கமும் திரும்பாதவாறு பிடியை முன்னே நீட்டினார்.

மருமகன் உள்ளே பார்க்கவில்லை. வாங்கினார், மேற்பகுதியை மூடினார், சுட்டுவிரலை விசையில் வைத்தார், திரைப்படங்களில் பார்த்தது போலக் கையை நீட்டி இடமும் வலமும் திருப்பினார். இடப்புறத்தில் ஒரு பெண் தன் மகனுடன் நின்றிருந்தார். குழல்வாய் அந்தச் சிறுவனின் தலைக்கு நேரே ஒரு கணம் கடந்து சென்றது.

முதியவர் சத்தம் போடவில்லை. மருமகனின் மணிக்கட்டைத் தன் உள்ளங்கையால் தாங்கி, ஆளில்லாத சுவர்ப் பக்கமாக மெதுவாகத் திருப்பினார். மருமகனின் முகம் கறுத்துவிட்டது. வெறுமையாக இருக்கிறதென்று நீங்கள்தானே இப்போது காட்டினீர்கள் என்று கேட்டார். அதற்கு அந்த மனிதர் சொன்ன பதிலைத்தான் இந்தக் கட்டுரையின் பொருளாகக் கொள்கிறேன். "நான் பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லையே. நான் பார்த்தது எனக்கு மட்டுந்தான் உதவும்" என்றார்.

இந்தப் பதிலின் பின்னால் ஒரு மரபு இருக்கிறது. ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை அதிகாரி 1976ஆம் ஆண்டில் இதே அரிசோனா மாநிலத்தில் கைத்துப்பாக்கிப் பயிற்சிக்கூடம் ஒன்றை நிறுவினார். 2006இல் அவர் காலமானார். அவர் வகுத்த நான்கு விதிகளே இன்று உலகின் பல பாகங்களிலும் பயிற்சியாளர்கள் ஓதும் பாலபாடம். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே கருத வேண்டும். அழிக்க விரும்பாத எதன்மீதும் குழல்வாய் திரும்பக்கூடாது. இலக்கில் குறி நிலைக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். இலக்கு எது, அதற்குப் பின்னால் இருப்பது எது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு முதல் விதி மூடத்தனமாகத் தோன்றும். வெறுமையான துப்பாக்கியை ஏன் நிரப்பியதாகக் கருத வேண்டும்? காரணம் அந்தக் கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. இன்றைய கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றில் ரவைகள் பிடிக்குள் செருகப்படும் கூட்டில் இருக்கும். அந்தக் கூட்டைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி வெறுமையாகிவிட்டது என்று புதியவர் நினைப்பார். ஆனால் குழலின் அடியிலுள்ள அறைக்குள் ஏற்கெனவே ஏறிய ரவை கூட்டோடு சேர்ந்து வெளியே வருவதில்லை. வரிசையை மாற்றிச் செய்தால் ஆபத்து இன்னும் அதிகம். கூட்டைக் கழற்றாமல் மேற்பகுதியை முதலில் இழுத்தால் அறையிலிருந்த ரவை வெளியே விழும். அதைக் கண்ணால் கண்டவர் நிம்மதியடைவார். மேற்பகுதி திரும்பி முன்னே செல்லும்போது கூட்டிலிருந்து அடுத்த ரவையை அறைக்குள் தள்ளிவிட்டிருக்கும். அதன்பின் கூட்டைக் கழற்றி என்ன பயன்? ஆகவே முதலில் கூடு, பின்னர் அறை. கண்ணால் பார்ப்பது மாத்திரம் போதாது, சுண்டுவிரலின் நுனியால் தொட்டும் பார்க்க வேண்டும் என்று அந்த முதியவர் மருமகனுக்குச் செய்து காட்டினார். நானும் செய்து பார்த்தேன். என் விரல் நடுங்கியதை மறைக்க முடியவில்லை.

மற்றவரின் சொல்லை நம்பியதால் நிகழ்ந்த ஒரு மரணத்தை உலகம் முழுவதும் அறியும். அரிசோனாவுக்கு அயலிலுள்ள நியூ மெக்சிக்கோ மாநிலத்தில், 2021 ஒக்டோபர் 21ஆம் திகதி, 'ரஸ்ட்' என்ற திரைப்படத்தின் படப்பிடிப்புத் தளத்தில் ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் கொல்லப்பட்டார். இயக்குநர் காயமடைந்தார். நடிகர் அலெக் போல்ட்வினின் கையிலிருந்த சுழல்துப்பாக்கியில் உண்மையான தோட்டா ஒன்று இருந்தது. தான் விசையை இழுக்கவேயில்லை என்று அவர் கூறினார். அவர்மீதான வழக்கு 2024 ஜூலையில் தள்ளுபடியானது. ஆயுதப் பொறுப்பாளர் அதே ஆண்டில் குற்றவாளியாகக் காணப்பட்டுப் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். சட்டத்தின் தீர்ப்பு எவ்வாறாயினும், துப்பாக்கி பாதுகாப்பானது என்ற வாய்மொழி அறிவிப்பை அந்தத் தளத்தில் இருந்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்த நம்பிக்கைக்கு ஓர் உயிர் விலையாயிற்று. 1993இல் புரூஸ் லீயின் மகன் பிரண்டன் லீ இறந்ததும் படப்பிடிப்பில்தான். முன்பு குழலுக்குள் சிக்கியிருந்த ஒரு சன்னத்தை யாரும் கவனிக்கவில்லை. பின்னர் வெற்றுவேட்டு வெடித்தபோது அது உயிரைக் குடித்தது.

இவற்றை எழுதும்போது என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த ஒரு பிழை நினைவுக்கு வருகிறது. எழுபதுகளின் நடுப்பகுதி. கொழும்பில் ஒரு நாளிதழில் பிரதேசச் செய்திகளைத் திருத்தும் பணியில் இருந்தேன். வன்னிக் கிராமம் ஒன்றிலிருந்து நிருபர் அனுப்பிய செய்தி. பன்றிகளிடமிருந்து பயிரைக் காக்க வைத்திருந்த வேட்டைத் துப்பாக்கியை ஒருவர் வீட்டு விறாந்தையில் இருந்து துடைத்துக்கொண்டிருந்தபோது அயல்வீட்டுச் சிறுவன் இறந்துபோனான். 'துப்பாக்கி தவறுதலாக வெடித்துச் சிறுவன் பலி' என்று தலைப்பிட்டேன். அன்று அது எனக்குப் பதினைந்து நிமிட வேலை.

சில மாதங்களின் பின்னர் வேறு அலுவலாக அக்கிராமத்துக்குப் போக நேர்ந்தது. நான் இன்ன பத்திரிகையைச் சேர்ந்தவன் என்று அறிந்த அந்தச் சிறுவனின் தாய் என்னைத் தேடி வந்தார். அவர் அழவில்லை. "தம்பி, துவக்குத் தானா வெடிச்சதெண்டு பேப்பரிலை போட்டிருந்தியள். அது தானா வெடிக்கேல்லை. வெறும் துவக்கெண்டு சொல்லித்தான் பிள்ளையின்ரை பக்கம் நீட்டினவர்" என்றார். நான் ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன். திருத்தம் எதுவும் வெளியிடவில்லை. சம்பவம் பழையதாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

'துப்பாக்கி வெடித்தது' என்ற வாக்கியத்தில் எழுவாய் துப்பாக்கி. அதைப் பிடித்திருந்த கை அந்த வாக்கியத்தில் இல்லை. அமெரிக்கப் பயிற்சியாளர்கள் பலர் இவ்விடயத்தில் சொற்களைக் கவனமாகப் பிரிக்கிறார்கள். கருவியின் பழுதால் நிகழ்ந்தால் அது விபத்து. விரல் விசையில் இருந்ததால் நிகழ்ந்தால் அது கவனயீனம். கருவியின் பழுதால் வெடிப்பதும் உண்டு என்பதை மறுக்கவில்லை. 2017இல் பிரபல நிறுவனமொன்று, கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்ற முறைப்பாடுகளை அடுத்துத் தனது கைத்துப்பாக்கி மாதிரியொன்றுக்கு இலவசமாகத் திருத்தம் செய்து கொடுக்க முன்வந்தது. ஆனால் அப்படிப்பட்ட வேளையிலும் குழல்வாய் மனிதர் பக்கம் திரும்பாதிருந்தால் சேதம் சுவருக்குத்தான். வன்னியில் அந்தச் சிறுவன் இறந்தது கருவியின் பழுதால் அல்ல. அது கவனயீனம். நான் அதை 'தவறுதல்' என்று எழுதினேன்.

எங்கள் தலைமுறை ஈழத்தமிழர்களுக்குத் துப்பாக்கி என்பது எப்போதும் மற்றவர் கையில் இருந்த பொருள். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற கமக்காரர்களை விட்டால், மற்றவர்கள் அதனைப் பார்த்தது சோதனைச்சாவடிகளில்தான். 2009இல் போர் முடியும்வரை, அடையாள அட்டையை நீட்டிய எத்தனையோ பேர் தமது நெஞ்சுக்கு நேரே நின்ற குழல்வாயையும், விசையில் கிடந்த விரலையும் பார்த்திருக்கிறார்கள். நானும் பார்த்திருக்கிறேன். அங்கே குழல் நம்மை நோக்கித் திரும்பியிருந்தது கவனயீனத்தால் அல்ல, அச்சுறுத்துவதற்காக. அப்படிப் பழகிப்போன கண்களுக்கு, குழல்வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே ஒழுக்கத்தின் அளவுகோல் என்று ஒரு கடைக்காரர் சொன்னபோது வியப்பாக இருந்தது.

இன்று எம்மவர் உலகெங்கும் வாழ்கிறார்கள். கனடாவில் துப்பாக்கி உரிமம் பெற விரும்புபவர் பாதுகாப்புப் பயிற்சியில் தேறியிருக்க வேண்டும். கைத்துப்பாக்கி விற்பனையை அந்நாடு 2022 ஒக்டோபரில் முடக்கிவிட்டது. அரிசோனாவில் அப்படியல்ல. பின்னணிச் சரிபார்ப்பில் தேறினால் போதும், பயிற்சி பெற்றதற்கு எந்தச் சான்றும் கேட்கமாட்டார்கள். சட்டம் விட்டுவைத்த இடைவெளியை ஒரு முதியவரின் உள்ளங்கைதான் அன்று நிரப்பியது. எல்லாக் கடைகளிலும் அப்படியொருவர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. பயிற்சியைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆயினும் பார்க்கவே போகாதீர்கள் என்று சொன்னால் கேட்பார் இல்லை. ஆகவே போகிறவர்களுக்குச் சொல்கிறேன். அனுமதி கேட்காமல் எதையும் தொடாதீர்கள். திறந்து காட்டாமல் நீட்டினால் வாங்காதீர்கள். திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள், அதை யாரும் அவமதிப்பாகக் கொள்ளமாட்டார்கள். அவர் பார்த்த பின்னரும் நீங்கள் பாருங்கள். எந்தப் பக்கமாகப் பிடிக்கலாம் என்று கேட்டு, ஆளில்லாத அந்தப் பக்கத்திலேயே பிடியுங்கள். மெல்லிய பலகைச் சுவருக்கு அப்பாலும் ஆட்கள் இருக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள். விரலைக் குழலோரமாக நீட்டி வைத்திருங்கள். வெறுமையாக விசையை இழுத்துப் பார்ப்பதற்கும் அனுமதி கேளுங்கள். சிறுரகத் துப்பாக்கிகள் சிலவற்றை அது பழுதாக்கும். பார்க்கின்ற துப்பாக்கிக்கு அருகில் உண்மையான ரவைகளைக் கொண்டுவராதீர்கள். திருப்பிக் கொடுக்கும்போது மீண்டும் திறந்து, காட்டிக் கொடுங்கள்.

மருமகன் அன்று எதுவும் வாங்கவில்லை. வண்டியில் ஏறிய பின்னர் நெடுநேரம் பேசாமல் ஓட்டினார். பிறகு, "அந்தப் பெடியனுக்கு எங்கடை பிள்ளையின்ரை வயசுதான் இருக்கும், மாமா" என்றார். முதலில் ஒரு பயிற்சி வகுப்பில் சேரப்போவதாகவும் சொன்னார். அதன் பிறகு வாங்குவாரா, மனைவியின் சொல்லைக் கேட்பாரா என்பது அவர்களுடைய வீட்டுக் காரியம்.

எனக்கு ஒரு கடன் பாக்கியிருக்கிறது. ஐம்பது ஆண்டுகள் பிந்திவிட்டது. அந்தப் பத்திரிகையும் இப்போது இல்லை, அந்தத் தாயும் இருக்கமாட்டார். ஆயினும் திருத்தத்தை இங்கே வெளியிடுகிறேன்: அந்தத் துவக்குத் தானாக வெடிக்கவில்லை. வெறுமையானது என்று சொல்லி, அறையைத் திறந்து பார்க்காத ஒருவர், அதனை ஒரு பிள்ளையின் பக்கம் நீட்டி, விசையில் விரலை வைத்தார்.